செம்பாட்டுத் தடங்கள்

பத்து வருடம் இங்கே தொடர்ந்து இருந்தேன் என்று நிரூபிக்கிறவர்களை இனிப் பிடித்து அனுப்புவதில்லை, அவர்களுக்கு வதிவிட அட்டை கொடுத்து வைத்துக்கொள்வது என்று அந்தக் குளிர்நாட்டு அரசாங்கம் ஒரு திங்கட்கிழமை அறிவித்தது. செவ்வாய்க்கிழமை விசா இல்லாத சனமெல்லாம் முண்டியடித்துக்கொண்டு பெயர் பதிந்தது. புதன்கிழமை விடிந்தபோது அவர்கள் அந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து நடந்த நடையெல்லாம் கால் தடங்களாகத் தரையில் எழும்பிக் கிடந்தது. சப்பாத்துப் போட்டு நடந்த நடைதான், ஆனால் எழும்பியது வெறுங்காலின் தடம், ஐந்து விரலும் குதியும் தெளிவாக, அவரவர் ஊர் மண்ணின் நிறத்தில். உரும்பிராய்க்காரருக்குச் செம்பாட்டு மண்ணின் சிவப்பு, முல்லைத்தீவுக்காரருக்குக் கடற்கரை மணலின் வெள்ளை, ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் குடியிருந்த வங்காளத்து மனிதருக்கு ஆற்று வண்டலின் சாம்பல் நிறம், மீன் சந்தையில் பெட்டி தூக்குகிற ஆபிரிக்கப் பெடியன்களுக்குப் பாலைவனத்தின் மஞ்சள். அட்டை உள்ளவர்கள் நடந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு நடந்து போனார்கள்.

சுகிர்தமலர் அன்று வேலைக்குப் போகக் கதவைத் திறந்தபோது முதலில் கண்டது தன் காலைத்தான். வலது காலின் சுண்டுவிரல் சற்று விலகிய தடம். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல், சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாசலில் தடத்தின்மேல் தடம் படிந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. அங்கிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து பாண்கடை, பாண்கடையிலிருந்து ரயில் நிலையம், பொலிஸ் நிற்கிற பெரிய வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போகிற களவு வழி உட்பட, பதினொரு வருடமும் அவள் போன அடியும் வந்த அடியும் சிவப்பாகக் கிடந்தன. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று சொல்லி வைத்தவர் விசா இல்லாமல் ஒரு நாட்டில் ஒரு வாரமாவது இருந்து பார்த்திருக்க வேண்டும். அவளுடைய மடியில் ஒன்றுமே இல்லை, அதுதான் பயம். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து கட்டிலில் இருந்தாள்.

அந்தக் கட்டிலில் இருந்துகொண்டு அவள் பயந்ததற்கு ஒரு காரணம் அல்ல, இரண்டு காரணம் இருந்தது. முதலாவது எல்லாருக்கும் உள்ளது, பொலிஸ். இரண்டாவது ஆரணி. போரின் கடைசி மாதத்தில் புருசன் காணாமற் போன பிறகு, ஆறு வயது மகளைத் தங்கச்சி கெங்காவிடம் உரும்பிராயில் விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வந்தவள் சுகிர்தமலர். அகதி வழக்கு இரண்டு தரம் தோற்றது. ஒரு வருடம் பதினொரு வருடமாயிற்று. வருகிற பங்குனி பதினாலாம் திகதி ஆரணிக்குப் பதினெட்டு முடிகிறது. அட்டை கிடைத்தவர்கள் பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது. பங்குனிக்குள் அட்டை வரவேண்டும், வராவிட்டால் மகள் மகளாகவே இருப்பாள், ஆனால் கூப்பிட முடியாத மகளாக இருப்பாள்.

வேலை செய்ததற்குக் காகிதம் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மாதம் தவறாமல் பதினொரு வருடத்துச் சம்பளத் துண்டு, ஆனால் ஒன்றிலும் சுகிர்தமலர் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி சோமலதாவின் அட்டையைக் காட்டித்தான் அவள் ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். தலைமயிரை இழுத்துக் கட்டினால் வெள்ளைக்காரருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம் என்று அண்ணன் சொன்னது பொய்யாகவில்லை. அங்கே அவளைச் சோமா என்று கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள், நாளடைவில் சுகிர்தா என்று யாராவது கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க நேரமெடுத்தது. அப்படி வேலை செய்தவள் அவள் ஒருத்தி இல்லை. அவள் குடியிருந்த கட்டடத்தில் பாதிச் சனம் யாரோ ஒருவரின் பெயரில் உழைத்துத் தன் பெயரில் பயந்துகொண்டிருந்தது.

முதல்நாள் மத்தியானமே மூன்றாம் மாடிக் கோபிராஜைப் பிடித்துவிட்டார்கள். தேடிப் பிடிக்கவில்லை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. இரண்டு பொலிஸ்காரர் பாண்கடை வாசலில் தொடங்கி, வெள்ளை மணல் தடத்தைப் பார்த்துப் பார்த்து, பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து வந்து, மூன்று மாடி ஏறி, தடம் முடிந்த இடத்தில் குனிந்து பார்த்தார்கள். தடம் கட்டிலடியில் முடிந்தது. சட்டம் வந்துவிட்டதே, பெயர் பதிந்துவிட்டேனே என்று அவன் அழுதான். அவன் வந்து ஏழு வருடம்தான் ஆகிறது என்று பொலிஸ்காரர் சொன்னார்கள், எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் தடத்தின் தடிப்பைக் காட்டினார்கள், வருடத்துக்கு ஒரு படை, ஏழு படை. அந்தச் செய்தி படிக்கட்டு இறங்கிச் சந்தி தாண்டிப் போவதற்குள் ஒரு நகரமே கால் தூக்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் விசா இல்லாதவர்கள் ஒருவரும் தரையில் நடக்கவில்லை. நடந்தால் புதுத் தடம் விழுகிறது, விழுந்தால் ஈரம் காயாமல் சுடச்சுடக் கிடக்கிறது, யாரும் தொட்டுப் பார்த்து இப்போதுதான் போயிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். ஆகவே அட்டை உள்ளவர்கள் அட்டை இல்லாதவர்களைச் சுமந்தார்கள். மச்சானை மச்சான் முதுகில் தூக்கிக்கொண்டு ரயிலேறினான். கடைத்தெருவில் சாமான் தள்ளுகிற தள்ளுவண்டிகளில் வளர்ந்த ஆண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து, முருங்கைக்காயும் விலைமீனும் மடியில் வைத்துக்கொண்டு வீடு போனார்கள். நான்கு வருடமாக முகம் பாராமல் இருந்த இரண்டு சகோதரிகள், ஒருத்திக்கு அட்டை இருந்தபடியால், உப்புமூட்டை தூக்கிச் சமாதானமானார்கள். உள்ளூர்க்காரர் முதலில் படம் எடுத்தார்கள், பிறகு மிதிக்காமல் பார்த்து நடந்தார்கள், பிறகு நடைபாதை அசிங்கமாகிவிட்டது என்று மனு எழுதினார்கள். மாநகரசபை துப்புரவுக்கு ஆள் பிடித்தது, வந்த ஆட்கள் யார் யாருடைய பெயரிலோ வந்தவர்கள், அவர்கள் பகல் முழுக்கத் தேய்த்துவிட்டுப் போன இடத்தில் பின்னேரம் பார்த்தால் பழைய தடம் அப்படியே இருந்தது, தேய்த்தவர்களின் புதுத் தடமும் சேர்ந்திருந்தது.

எந்த மருந்துக்கும் அது அசையவில்லை. பிளீச் ஊற்றினார்கள், அசிட் ஊற்றினார்கள், பிள்ளையார் கோயில் ஐயரிடம் தீர்த்தம் வாங்கித் தெளித்தார்கள். சுகிர்தமலர் கறை என்றால் விடமாட்டாள். கல்யாண வீட்டுக் கும்பல் தங்கிவிட்டுப் போன அறையை இருபது நிமிடத்தில் யாரும் தங்காத அறையாக்குகிற கை அது, ஒரு ஆள் இருந்த அடையாளத்தை இல்லாமல் செய்வதுதான் பதினொரு வருடமாக அவளுடைய உத்தியோகம். குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாள். ஊதுபத்திச் சாம்பலுக்கு அசையவில்லை. பேப்பர் எரித்த சாம்பலுக்கும் அசையவில்லை. அடுத்து எரிக்கக் கையில் அகப்பட்டது அகதி வழக்கு நிராகரித்த கடிதக்கட்டு, கண்ணில் படவே பிடிக்காத கடிதங்கள், தொலையட்டும் என்று அதை எரித்து, அந்தச் சாம்பலைப் புளியில் குழைத்து வாசலில் ஒரு தடத்தில் தேய்த்தாள். தடம் கரைந்து கந்தையில் வந்தது. தடத்துக்குரியவரின் பெயர் எழுதிய காகிதத்தின் சாம்பலுக்குத்தான் அது இளகும் என்று அவளுக்கு விளங்கியது.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்ல வேண்டியதுதான், ஆனால் பயந்த மனுசி தன் தலையைத்தான் முதலில் பார்ப்பாள். முழுவதையும் அழித்து முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து எல்லாருக்கும் சொல்லுவோம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். துப்புரவுக்காரர் போடுகிற செம்மஞ்சள் மேற்சட்டையைப் போட்டு, வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், பொலிஸ்காரரின் காலடியிலேயே குந்தியிருந்து தேய்த்தாள். துப்புரவுக்காரியை யாரும் பார்ப்பதில்லை, இது அவளுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம். படி, முற்றம், ஒழுங்கை, ரயில் நிலையம், ஹோட்டலின் எட்டு மாடி நடைபாதை என்று எட்டு நாளில் பதினொரு வருடத்தையும் வழித்தெடுத்தாள். தேய்த்த பிறகு அவள் நடந்த இடத்தில் புதுத் தடமும் விழவில்லை. எட்டாம் நாள் புதன்கிழமை மாலை அவள் தலை நிமிர்ந்து நடந்து போய் ஒரு பாண் வாங்கி வந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை அரசாங்கம் அடுத்த அறிவிப்பை வெளியிட்டது. காகிதத்தைக் கள்ளமாக எழுதலாம், காலைக் கள்ளமாக எழுத முடியாது. ஆகையால் கால் தடமே பத்து வருடத்துக்குச் சாட்சி, வேறு சாட்சி வேண்டாம், பெயர் பதிந்தவர்களை இனிப் பொலிஸ் தொடாது, அதிகாரி வீடு தேடி வந்து படைகளை எண்ணிப் பார்ப்பார், பத்துப் படை இருந்தால் அட்டை, இல்லாவிட்டால் முப்பது நாளில் விமானம்.

தெருவில் சனம் தள்ளுவண்டியிலிருந்து இறங்கி நடக்கிற சத்தம் அவளுடைய ஜன்னலுக்குக் கேட்டது. யாரோ வெடி கொளுத்தினார்கள். அவள் வாசலைத் திறந்து பார்த்தாள், படிக்கட்டு பளிங்கு மாதிரிச் சுத்தமாக இருந்தது.

அல்போன்ஸ் அண்ணையிடம் ஓடினாள். அல்போன்ஸ் அண்ணை பாசையூர்க்காரர், டெலிபோன் கார்ட் விற்கிற கடையின் பின்னறையில் இருந்துகொண்டு முப்பது வருடமாகச் சனத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர், எவருடைய பொய்யையும் அவரிலும் பார்க்க நன்றாக ஞாபகம் வைத்திருப்பவர். அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். சம்பளத் துண்டு சோமலதாவின் பெயரில் என்றார். தடம் இல்லை என்றார். அந்த நிராகரித்த கடிதங்களாவது, அவள் பெயரில் திகதியோடு இருந்த ஒரே காகிதங்களாவது இருக்கிறதா என்று கேட்டார். சாம்பலாக்கிவிட்டேன் என்றாள். யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்ட கதை என்று அவர் சொல்ல வாயெடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பிள்ளை, நீ இஞ்ச ஒரு நாளும் இருக்கேல்லை எண்டுதான் அவங்கள் எழுதுவாங்கள்," என்றார். "பெயர் பதியாமல் இருந்திருந்தாலும் ஒளிச்சிருக்கலாம். இப்ப உன்ர பெயரும் விலாசமும் அவங்களின்ர கையில."

அவளிடம் அதிகாரி வருவது மாசி இருபதாம் திகதி என்று கடிதம் வந்தது. அதைச் சுவரில் ஒட்டினாள், கழற்றினாள், குசினி லாச்சிக்குள் வைத்தாள், லாச்சியைத் திறக்கப் பயந்து கரண்டி இல்லாமல் சமைத்தாள். பகலில் ஹோட்டல் அறைகளில் விரித்த கட்டில் விரிப்பையே திரும்பவும் இழுத்து விரித்தாள். நடந்து பார்த்தாள், தடம் விழவில்லை. ஓடிப் பார்த்தாள். மாவைத் தரையில் கொட்டி அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள், மா அப்படியே இருந்தது. அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மாசி பதினேழாம் திகதி ஆரணி தானாகவே டெலிபோன் எடுத்தாள். ஆரணி தானாக எடுப்பதில்லை. சின்ன வயதில் எப்ப வருவீங்கள் என்று கேட்பாள், பத்து வயதில் அந்தக் கேள்வியை விட்டாள், பதினைந்து வயதுக்குப் பிறகு கெங்கா டெலிபோனைக் கையில் திணித்தால் ம், ஓம், சரி என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவாள்.

"அம்மா, எங்கட வீட்டில ஆரோ நடக்கினம்," என்றாள்.

ஐப்பசி மாதத்தில் தொடங்கியதாம். முதலில் படலையடியில் நாலு அடி, அடுத்தநாள் கிணற்றடியில், பிறகு குசினிக்குள், பிறகு பள்ளிக்கூடம் போகிற ஒழுங்கை முழுக்க, செம்பாட்டு மண்ணில் செம்பாட்டுத் தடம், ஆனால் கூட்டினாலும் போகாத தடம். சின்னம்மா கள்ளன் என்று நினைத்து நாய் கட்டினா, பிறகு பேய் என்று நினைத்து வேப்பிலை கட்டினா. இவளுக்கும் பயமாகத்தான் இருந்தது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் படுத்தாள், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அந்தத் தடம் இவளுடைய கட்டிலடி வரைக்கும் வந்து, தலைமாட்டில் நின்று, திரும்பிப் போயிருந்தது. நேற்றுத்தான் வெளிச்சத்தில் வடிவாகப் பார்த்தாளாம்.

"வலது கால் சுண்டுவிரல் விலகியிருக்கு," என்றாள் ஆரணி. "நீங்கள்தானே. கீழ்ப்படையைச் சுரண்டிப் பார்த்தன், அதுக்குள்ள எனக்குப் பக்கத்தில நடந்திருக்கிறியள், நான் ஏழாம் வயசில பள்ளிக்கூடம் போகேக்க, பத்தாம் வயசில காய்ச்சலில கிடக்கேக்க, எல்லாத்துக்கும். நான் ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிட்டன் அம்மா."

சுகிர்தமலருக்கு நெஞ்சு இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது, மற்றப் பாதி கணக்குப் பார்த்தது. இங்கே அழித்ததெல்லாம் அங்கே போய் எழும்பியிருக்கிறது. அங்கே அழித்தால் இங்கே எழும்பும். மூன்று நாள் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்ததற்காக அவள் பிறகு எத்தனையோ தரம் வெட்கப்பட்டாள், ஆனால் பார்த்தாள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டத்தைச் சொன்னாள், புளியைச் சொன்னாள், சாம்பலைச் சொன்னாள், இருபதாம் திகதியையும் பங்குனி பதினாலையும் சொன்னாள். என் பெயர் எழுதிய காகிதம் ஏதாவது எரித்துத் தேய்க்க வேண்டும், எல்லாத் தடத்தையும், கட்டிலடியையும் சேர்த்து என்றாள்.

"பதினொரு வருசத்தில நீங்கள் எனக்குப் பக்கத்தில இருந்ததுக்கு இது ஒண்டுதான் சாட்சி," என்றாள் ஆரணி. "இதையும் என்ர கையாலயே அழிக்கச் சொல்லுறியளே அம்மா."

ஆரணி டெலிபோனை வைத்துவிட்டாள்.

பதினெட்டாம் திகதி தடம் வரவில்லை. அவள் எட்டுத் தரம் வாசலைத் திறந்து பார்த்தாள். பத்தொன்பதாம் திகதி மத்தியானம் கெங்கா டெலிபோன் எடுத்து, ஆரணி விடியற்காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் முழங்காலில் நின்று தேய்க்கிறாள், கேட்டால் பேசுகிறாள் இல்லை, நீ பிள்ளைக்கு என்ன சொன்னாய் என்று ஏசினாள். எரிக்கிறதற்கு அம்மா பெயர் எழுதிய காகிதம் வேறு இல்லாமல், வருடா வருடம் நீ அனுப்பின பிறந்தநாள் வாழ்த்து மட்டைகளை, பெட்டியில் பூட்டி வைத்திருந்த பதினொன்றையும் எடுத்து எரித்துப் போட்டாள் என்றாள். சுகிர்தமலர் வாசலிலேயே இருந்துவிட்டாள். அன்பு மகள் ஆரணிக்கு அம்மா சுகிர்தமலர் என்று ஒவ்வொரு மட்டையிலும் அவள்தான் எழுதினாள். ஒரு பெயர் அல்ல, இரண்டு பெயர்.

இருபதாம் திகதி காலையில் தடங்கள் வந்திருந்தன. படியில், முற்றத்தில், ஒழுங்கையில், பெரிய வாசலைச் சுற்றிப் போகிற களவு வழியில், விலகிய சுண்டுவிரலோடு பதினொரு படையும் அப்படியே வந்திருந்தன. ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில், இடது பக்கமாக, இன்னொரு காலும் நடந்து வந்திருந்தது. கீழ்ப்படையில் அது ஒரு சாண் நீளமும் இல்லாத குஞ்சுக் கால். மேலே வர வரப் பெருத்து, மேற்படையில் அவளுடைய காலுக்குச் சரியாக வளர்ந்து நின்றது. அவள் அதைத் தொடப் பயந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அப்போதுதான் டெலிபோனில் ஆரணி எழுதியிருந்ததைப் பார்த்தாள்: முடிச்சிட்டன். இப்ப நான் நடந்தாலும் மண்ணில கால் பதியுதில்லை. என்ர பழைய தடமும் இல்லை. ஏன் அம்மா?

அதிகாரி ஒன்பது மணிக்கு வந்தாள். நரைத்த தலை, கையில் மெல்லிய கத்தி, ஒரு பூதக் கண்ணாடி, பின்னால் மொழிபெயர்க்க அல்போன்ஸ் அண்ணை. வாசல் தடத்தை ஓரத்தில் வெட்டி, குனிந்து, உதட்டை அசைத்து எண்ணி, பதினொன்று என்றாள். எழுதினாள். பிறகு கண்ணாடியை இடது பக்கம் நகர்த்தினாள், நகர்த்தியவள் அப்படியே நின்றாள். அதிகாரி கேட்டதை அல்போன்ஸ் அண்ணை இரண்டாம் தரம்தான் தமிழில் சொன்னார். விண்ணப்பத்தில் ஒரு ஆள்தான் இருக்கிறது, இங்கே இரண்டு ஆள் நடந்திருக்கிறது, இந்தச் சின்னக் கால் யாருடையது, பதினொரு வருடமாக இந்தப் பிள்ளையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்.

ஒன்றும் தெரியாது என்று சொல் என்று அல்போன்ஸ் அண்ணையின் கண் சொன்னது. அப்படிச் சொன்னால் அவளுடைய அட்டை தப்பும், அது அவளுக்கும் விளங்கியது. தெரியாது என்று சொல்லிவிட்டால், ஊர் மண்ணிலும் கால் பதியாமல் இந்த மண்ணிலும் ஆளில்லாமல், அந்தப் பிள்ளை எங்கே நிற்பாள் என்றும் விளங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர மகளின்ர," என்றாள். "ஒளிச்சு வைக்கேல்லை."

இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டாள்.

"வந்துகொண்டிருக்கிறா."

அதிகாரி குந்தியிருந்து, கீழ்ப்படையில் கிடந்த அந்த ஆறு வயதுக் காலின்மேல் தன் உள்ளங்கையை வைத்து அளந்தாள். அவளுடைய கைக்குள் அது அடங்கியது. எழும்பி, விண்ணப்பத்தில் ஒன்று என்று இருந்ததை வெட்டி இரண்டு என்று எழுதி, முத்திரை குத்தினாள். பிறகு சொன்னதை அல்போன்ஸ் அண்ணை மெதுவாகச் சொன்னார்: பங்குனி பதினாலுக்கு முன் பிள்ளையை நேரில் கொண்டு வந்து காட்ட வேண்டும், தடம் பிள்ளையின் காலுக்குப் பொருந்த வேண்டும், பொருந்தினால் இரண்டு பேருக்கும் அட்டை, காட்டாவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. அதிகாரி தடங்களை மிதிக்காமல் ஓரமாக இறங்கிப் போனாள். எந்தத் தூதரகமும் மூன்று கிழமையில் விசா கொடுக்காது என்று அல்போன்ஸ் அண்ணைக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. முற்றம் வெளுத்தது, தடங்கள் மூடுண்டன. அவள் ஜன்னலடியில் இருந்தபோது ஆரணி டெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, எனக்குக் கால் குளிருது," என்றாள். அவளுடைய பல் அடித்துக்கொண்டது. "வெயில் எரிக்குது, மண் கொதிக்குது, சின்னம்மா விசிறிக்கொண்டிருக்கிறா. எனக்கு மட்டும் அடி வைக்க வைக்கக் குளிருது. பயமாக் கிடக்கு."

சுகிர்தமலர் கீழே பார்த்தாள். முற்றத்துக் கேற்றடியில், பனியின் மேல், ஆள் ஒருவரும் இல்லாமல், சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. பிறகு இன்னொன்று விழுந்தது. பழசு அல்ல, ஒற்றைப் படை, ஆவி பறக்கிற புதுத் தடம். மூன்றாவது அடி வைக்கத் தயங்குகிற மாதிரி அது நின்றது.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. டெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சப்பாத்தைப் போடு பிள்ளை," என்றாள். "போட்டுக்கொண்டு மெல்ல நட. இஞ்ச வழுக்கும்."